அணைத்தால் கிளம்பாது

வரிசையின் கடைசியில் நின்ற சிவப்புக் காரின் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டி, "இன்ஜினை அணை" என்றேன். உள்ளே இருந்தது என் தம்பி ஓஸ்முண்ட். ஃபெர்ரியில் ஏறும் ஒவ்வொரு காருக்கும் இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆறு வாரமாக இவனுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. அவன் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, யாரோ அந்நியரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"நேத்து வரைக்கும் இல்லாத சட்டம் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"மேலேருந்து." மேல்தளத்தில் கேப்டன் அறையின் பக்கம் தலையை அசைத்தேன். முந்தின நாள் ஆஸ்துமா உள்ள ஒரு பெண் புகையைப் பற்றிப் புகார் செய்துவிட்டாள். கேப்டன் இங்கோல்ஃப் இருபது வருடப் பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறை பார்த்தால் கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும், உன் பெயரையும் சேர்த்து, என்று சொல்லியிருந்தான். அதை அப்படியே தம்பியிடம் ஒப்பித்தேன். அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. மணி ஆறு நாற்பது.

இந்தக் காருக்கு ஒரு வியாதி உண்டு. விடியும் முன், வீட்டு வாசலில், மைனஸ் பன்னிரண்டில், சாவியைத் தொட்டதும் கிளம்பிவிடும். முக்கால் மணி நேரம் ஓடிச் சூடானபின் அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் சில நாள் கிளம்பாது. ஸ்டார்ட்டர் சுற்றோ சுற்றென்று சுற்றும், பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எங்கள் ஃபெர்ரி, மலைகளுக்கு நடுவே நீளமாக நுழைந்திருக்கும் கடலான ஃபியோர்டைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் இருபத்தைந்து நிமிடம். அந்தக் காரைக் கழுத்தறுப்பதற்கென்றே அளந்து வைத்தது போன்ற நேரம்.

எங்கள் கரையில் ஒரே ஒரு ஒர்க் ஷாப்தான். அதை நடத்தும் தோர்ஃபின்னிடம் ஓஸ்முண்ட் காரை நான்கு முறை கொண்டுபோனான். நான்கு முறையும் கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. தோர்ஃபின் ஒருநாள் முழுக்க அதைத் தன் கொட்டகையில் வைத்திருந்து, பத்துத் தடவை அணைத்துக் கிளப்பிப் பார்த்துவிட்டு, "காருல ஒண்ணுமில்ல, ஓட்டுறவனைத்தான் மாத்தணும்" என்று சொல்லி அனுப்பினான். கொட்டகைக்குள் சும்மா நின்ற இடத்தில் அணைத்துக் கிளப்பினால் எப்படித் தெரியும்? மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் ஏற்றி இறக்கி, மூடிய தளத்தில் மற்ற கார்களின் சூட்டுக்கு நடுவே நிறுத்தினால்தானே தெரியும்? தோர்ஃபின் ஃபெர்ரியில் ஏறியே வருடக்கணக்காகிறது. வரச் சொன்னால், கோளாறு காரிலா கடலிலா என்று சிரிக்கிறான்.

ஓஸ்முண்ட் பெட்ரோல்தான் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டான். பம்ப்பை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிச் சமையல் மேசையில் பரப்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றான். பெட்ரோல் குழாயில் சூடு ஏறக்கூடாது என்று பன்னிரண்டு மரத் துணிக்கிளிப்புகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தான். பானட்டைத் திறந்தால் ஏதோ துணி காயப் போடுகிற கொடி மாதிரி இருக்கும். ஒருநாள் அது பலித்தது. மறுநாள் பலிக்கவில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தேன்: பெட்ரோல் வாடை வருகிறதென்றால் பெட்ரோல் வந்துகொண்டுதானே இருக்கிறது, பற்றவைக்கப் பொறி வருகிறதா என்று பார்த்தாயா? அவன் அதற்கு, நீ பன்னிரண்டு வருடம் மீன்பிடிப் படகின் இன்ஜின் அறையில் கிடந்தவள், உனக்கு டீசல்தான் தெரியும், டீசலுக்குப் பொறியே கிடையாது என்றான். சரி, எனக்கு டீசல்தான் தெரியும். ஆனால் பொறி வருகிறதா என்று அவன் பார்க்கவே இல்லை.

அக்கரையில், இறங்குதுறையிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு அவன் காவல்காரன், துப்புரவாளன், கொதிகலன் பார்ப்பவன், எல்லாம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். இன்னும் இரண்டு வாரம் பாக்கி. ஏழரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, எங்களுடையதுதான் முதல் ஃபெர்ரி. வேலை நாளிலேயே இரண்டு முறை கார் மாட்டிவிட்டுத் தாமதமானான். இரண்டாம் முறை முப்பது குழந்தைகள் பூட்டிய கதவின் முன் பனியில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றிருக்கிறார்கள். தலைமையாசிரியை சோல்பியோர்க் கோபப்படவில்லையாம், மூன்றாவது முறை வேண்டாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாளாம். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவன் என்னிடம் சொன்னான். அதற்கப்புறம்தான் ஆறு வாரம் இன்ஜினை ஓடவிட்டோம், அவன் அணைக்காமல், நான் கண்டும் காணாமல். அந்த ஆறு வாரமும் கோளாறு என்ன என்று இரண்டு பேரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஃபெர்ரி நடுநீரில் இருந்தபோது அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, எதிரே நின்ற வேனின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். அவன் வேலை பார்த்த கப்பல் கட்டும் தளத்தை மூடியபின் மூன்று வருடம் அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தபோது இருந்த முகம். அப்போது நான் என்ன செய்தேன்? வாரம் இருமுறை மீன் சூப்பைப் பானையோடு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவன் நன்றாக இருக்கிற நாளில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நன்றாக இருக்கிற நாளில் பேச ஒன்றுமே இருக்காது, வானிலையைப் பேசுவோம். கெட்ட நாளில் கதவைத் தட்டி உள்ளே போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அதை நான் அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

ஏழு ஐந்துக்கு இறங்குபாலம் கீழே விழுந்தது. மற்ற கார்களைக் கையசைத்து அனுப்பினேன். கடைசியாக அவன் பக்கம் திரும்பினேன். அவன் சாவியைத் திருப்பினான். சுற்றியது. சுற்றியது. வாடை வந்தது. மறுபடி திருப்பினான்.

கிளம்பாத நாளில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்றால், ஃபெர்ரியில் ஏறக் கரையில் காத்திருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நானும் மூன்று ஆண்களும் சேர்ந்து காரை மேட்டில் தள்ளி ஓரமாக விட்டுவிட்டு, அடுத்த வண்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவோம். காரை ஆற வைத்து அவனே ஓட்டிப் போவான். கெட்டுப்போய் நிற்கிற நேரத்தில் அந்தக் காரை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. நேரம் இருக்கும்போது அது நன்றாக இருக்கும், கெட்டிருக்கும்போது எல்லோருக்கும் அவசரம்.

அவன் இறங்கி, பழகிய மாதிரி, தள்ளுவதற்குக் கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்தான்.

நான் இறங்குபாலத்துக்குப் போய்ச் சங்கிலியைக் குறுக்கே மாட்டினேன். கரையில் முதலாவதாகக் காத்திருந்த சால்மன் மீன் லாரிக்காரன் விளக்கை அடித்துக் காட்டினான். திரும்பி வந்து பானட்டைத் திறந்தேன்.

"என்ன பண்றே?"

"உன்கிட்ட புது ஸ்பார்க் பிளக் இருக்குல்ல? எடு."

"குன்வோர், அவங்கல்லாம் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நான் நிறுத்தி வச்சிருக்கேன். நீ பிளக்கை எடுடா."

பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடுங்கி, அவன் கொடுத்த பிளக்கைச் சொருகி, இன்ஜினின் இரும்பில் அழுத்திப் பிடித்தேன். திருப்பச் சொன்னேன். இன்ஜின் சுற்றியது. பிளக்கின் நுனி கறுப்பாகவே இருந்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு அதைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். எட்டிப் பார்த்தேன், இன்ஜினுக்கு மேலே அவன் தலை குனிந்திருந்தது.

"பொறி இல்ல," என்றான். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "நாலு மாசம். கார்புரேட்டரை நாலு மாசமா..." என்று நிறுத்தினான்.

நான் அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவ்வளவு சுலபமாக இல்லை, சொல்லியிருந்தால் எனக்கு இனித்திருக்கும். காயிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையுறையை மீறிச் சுட்டது என்று கையை உதறினான். குப்பைப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு கரையோரம் ஓடி, ஒதுக்கிக் குவித்திருந்த பனியை இரண்டு கையாலும் அள்ளித் திணித்தேன். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, என்னம்மா, பனிமனுஷன் செய்யப் போறியா, எனக்கு மீன் கெட்டுப்போகுது என்றான். செய்வேன், நீ மீனோடு இருந்து வேடிக்கை பார் என்றேன்.

பனிப் பையைக் காயில் மேல் வைத்து இரண்டு பேரும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் நெற்றிகள் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது, எடுக்கவில்லை. கரையில் ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இருபது வருடத்தில் நான் ஒரு ஃபெர்ரியையும் நிறுத்தி வைத்ததில்லை. ஓஸ்முண்ட் கையை எடுக்கவில்லை.

"அப்போ நீ உள்ள வந்திருக்கலாம்," என்றான் திடீரென்று, பனிப் பையைப் பார்த்தபடியே. "பானையை வச்சுட்டுப் போவே. ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும். வந்திருக்கணும்," என்றேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். "போ, திருப்பு."

நான் பிளக்கை மறுபடி இரும்பில் அழுத்திப் பிடித்தேன், அவன் போய்த் திருப்பினான். பிளக்கின் நுனியில் நீலமாக ஒன்று சொடுக்கியது, உடனே ஈரக் கையுறை வழியாக என் முழங்கை வரை ஓங்கி ஓர் அடி. ஐயோ என்று கத்திவிட்டேன். அவன் உள்ளிருந்து என்னாச்சு, என்னாச்சு என்றான். வந்துருச்சுடா, கையிலயே வந்துருச்சு என்றேன். வயரைத் திரும்பச் சொருகினேன். உள்ளே தேங்கிய பெட்ரோல் போகட்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே அடி என்றேன். அடித்தான். இருமியது. மறுபடி இருமியது. பிறகு தளம் முழுக்கப் புகையை விட்டுக்கொண்டு பிடித்துக்கொண்டது. பானட்டை அறைந்து மூடினேன். சங்கிலியைக் கழற்ற ஓடினேன். அவன் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னபடியே என்னைக் கடந்தான், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மணி ஏழு பதின்மூன்று. பனிப்பாதையில் பதினோரு கிலோமீட்டர்.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"எட்டு நிமிஷம் லேட்டு, குன்வோர்," என்றான் இங்கோல்ஃப். "பதிவுல காரணம் எழுதணும். வானிலையா, இயந்திரக் கோளாறா?"

"ரெண்டும் இல்ல. எம் பேரை எழுது."

சரி, என்றான்.

மேட்டுத் திருப்பத்தில் சிவப்புக் கார் மலைக்குப் பின்னால் மறைந்தது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தான். கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் இங்கே ஒன்றும் கேட்காது. கார் நின்றிருந்த இடத்தில் பையிலிருந்து சொட்டிய பனித் தண்ணீர் எண்ணெயோடு கலந்து கறுப்பாகத் தேங்கியிருந்தது. அதன் மேல் சால்மன் லாரியின் முன்சக்கரம் ஏறியது. நான் வா வா என்று கையசைத்தேன். விரல்கள் இன்னும் சுருக்கென்று துள்ளிக்கொண்டிருந்தன.