எச்சில் டீ

புஷ்பவல்லி கணவருடைய மாஸ்க்கைக் குச்சியால்தான் தூக்கினாள். மூக்கு படும் இடம் மஞ்சளாகி, ஓரமெல்லாம் வெற்றிலைச் சாறு ஏறி, துணி விறைத்துப்போயிருந்தது. அடுப்பில் போட்டாள்.

அய்யாக்கண்ணு இப்படிப்பட்ட மனிதர் இல்லை. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். எழுபது வயதிலும் தேய்த்த சட்டை இல்லாமல் பஸ் ஏறமாட்டார். கொரோனா வந்த முதல் வருஷம் வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும் வைத்து, கை கழுவாமல் யாரையும் உள்ளே விடாதவர்.

இரண்டாவது அலையில் அவருடைய கூட்டாளி அழகேசன் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டிய உடம்பை ஆம்புலன்ஸ் நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது. முகத்தைக் காட்டவில்லை. அய்யாக்கண்ணு ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அழவில்லை. அன்றிலிருந்து குளிப்பதை விட்டார். தாடியில் சோற்றுப் பருக்கை காய்ந்து கிடக்கும். படுத்தபடியே சுவரோரம் காறித் துப்புவார். அதைக் கழுவிவிட்டு வந்தால் புஷ்பவல்லிக்குச் சாப்பாடு இறங்காது. அவர் பக்கத்தில் படுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

திருப்பூரிலிருந்து மகள் அபிநயா போனில் கேட்டாள். "அப்பாவுக்கு மனசு சரியில்லையோ என்னமோம்மா."

"மனசு என்ன மனசு? அழுக்கு. வூடே நாறுது."

தடுப்பூசிக்குக் கூப்பிட்டபோதும் அவர் அசையவில்லை. "எனக்கு வேணாம். இருக்கப்போறவங்களுக்குப் போடட்டும்" என்றார். தனியாகப் போகப் பயந்து அவளும் போகவில்லை.

ஊரடங்கு தளர்ந்து டீக்கடை திறந்தது. ஒரு நாள் காலை அவரைத் தேடிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள். லாரி டிரைவர் ஒருவன் நெஞ்சு அதிர இருமிவிட்டு, பாதி டீயோடு கப்பைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். அய்யாக்கண்ணு அந்தக் கப்பை எடுத்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். மடமடவென்று குடித்துவிட்டார்.

புஷ்பவல்லி கடையோரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எவனோ இருமிட்டு வச்ச எச்சில் டீயக் குடிக்கிறீங்களே, வேற டீ கேட்டா தரமாட்டானா?"

"வரட்டும்னுதான் குடிச்சேன்."

"எது வரட்டும்?"

"அழகேசனுக்கு வந்தது."

அவர் அதைத் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார்.

"எனக்கும் வருமேங்க. நான் ஆக்கிப்போட்டுக்கிட்டு இதே வூட்டுலதான கெடக்கேன். அத நெனச்சீங்களா?"

அவர் விழித்தார். அப்படி ஒரு நினைப்பே வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இதுவரை அவளுக்கு அவருடைய அழுக்குதான் அருவருப்பாக இருந்தது. இப்போது அந்த ஆளே அருவருப்பாக இருந்தார். விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போனால் இவர் என்ன செய்வார் என்பது உடனே தெரிந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வெற்றிச்செல்வி ஐந்து நாள் கழித்து இருவருக்கும் சளிப் பரிசோதனை எடுக்க எழுதிக் கொடுத்தார். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தூக்கம் வருதாய்யா?"

"இல்ல."

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

புஷ்பவல்லி அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். தேம்பித் தேம்பி அழுதார். "அவன் மூஞ்சியக்கூடக் காட்டலம்மா" என்றார். மூக்குச் சளி வழிந்து மாஸ்க் நனைந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குக் கூசியது. ஆனாலும் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இது திமிர் இல்லம்மா, இதுவும் நோய்தான்" என்றார் டாக்டர். "மாத்திரை தரேன். கேக்க கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் தனியா விடாதீங்க. மனசு விட்டுப் பேசவும் ஒரு ஆளைப் பாத்து வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் போர்வெல் குழாயடியில் உட்காரவைத்துத் தேய்த்துவிட்டாள். அழுக்கு திரிதிரியாக உருண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்த்தாள்.

"வுடு, நாறுது. நானே தேச்சுக்கறேன்."

"நாறத்தான் செய்யுது. பேசாம குனியுங்க."

பரிசோதனையில் இருவருக்கும் ஒன்றும் இல்லை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆனது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு குழம்பில் உப்பு போதவில்லை என்று சொன்னார். எரிச்சலாக இருந்தாலும், அதை மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி ஊசி முகாம் போட்டபோது இருவரும் போனார்கள். நர்ஸ் அவரை முதலில் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல அவளுக்குப் போடும்மா" என்றார்.

புஷ்பவல்லி போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்த ஒரு சொல்லுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட அவள் தயாராக இல்லை. ஆனாலும் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, அவர் முடித்து வரும்வரை வராந்தாவில் நின்றாள்.