பால் கட்டிய மடி

நேற்று மாலை ஒலி வந்த அதே திசையிலிருந்துதான் இன்று காலையும் வந்தது. சிரோங்கா கருவியை இரண்டு முறை திருகிப் பார்த்தான். ஒலி அனுப்பும் கழுத்துப்பட்டை கட்டிய பெண் சிங்கம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரை கிடைத்தால் அதன் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும்தான். ஆனால் இவள் குட்டிக்காரி. மூன்று நாட்களாகத் தெற்கே வேறொரு குடியிருப்பின் மாட்டுப் பட்டிக்கு முள்வேலி கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவன், வீட்டுக்குப் போகாமல் வறண்ட ஆற்றை நோக்கி நடந்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாரிட்டா தூரத்திலிருந்தே கத்தினார். "என்னப்பா, சின்ன வீட்டைத் தேடிக் கிளம்பிட்டியா? பெரிய வீட்டையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போ. அவ மூஞ்சியே சரியில்ல."

சிரோங்கா சிரித்து வைத்தான். அந்தச் சிங்கத்தை அவனுடைய சின்ன வீடு என்றுதான் எல்லோரும் கேலி செய்வார்கள். இருபது வயதில் ஈட்டியால் ஒரு சிங்கத்தைக் கொன்றவன் அவன். அன்று பெண்கள் அவன் பெயரை வைத்துப் பாடினார்கள். அதன்பின் ஒன்பது வருடங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கர்ஜனைகூடக் கேட்கவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து எலும்பும் தோலுமாக இவள் வந்து சேர்ந்தபோது, சிங்கக் காவல் வேலைக்கு அவனே போய்ப் பெயர் கொடுத்தான். நன்யோக்கி, சிவந்தவள், என்று அவளுக்குப் பெயரும் வைத்தான். சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வது, பிய்ந்த வேலிகளைக் கட்டுவது, ஈட்டியோடு கிளம்புகிறவர்களின் காலைப் பிடிப்பது, இவ்வளவுதான் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் பாறை இடுக்கில் அவள் மூன்று குட்டிகள் போட்டதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவி நம்பாசோவிடம்கூட.

ஆற்று மணலில் முதலில் ஒரு கழுகு, சிறகை விரித்தபடி செத்துக் கிடந்தது. பிறகு இன்னும் நான்கு. புதருக்குப் பின்னால் பாதி தின்ற பசு கிடந்தது. இடது காதில் இரட்டை வெட்டு. அவன் வீட்டு அடையாளம். கல்யாணத்தின்போது நம்பாசோவுக்கு அவள் அப்பா கொடுத்த பசு, இப்போது சினையாக இருந்தது. பத்தடி தள்ளி, வாயில் புல்லைக் கவ்வியபடி நன்யோக்கி செத்துக் கிடந்தாள். வயிற்றோடு ஒட்டி இரண்டு குட்டிகள், அவையும் விறைத்துப்போய். மூன்றாவதைக் காணோம்.

வனத்துறை அதிகாரிக்குப் போன் செய்தான். "விஷம் வெச்சிருக்காங்க. வாங்க."

"யாருன்னு தெரியுமா?"

"வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டில் நம்பாசோ, பட்டியின் பிய்ந்த வேலிக்கு முன்னால் குழந்தை ரெசியாடோவை முதுகில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் வெச்சேன்," என்றாள். "தக்காளித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைப் பசுவோட மிச்சத்துல ஊத்தினேன். நேத்து மத்தியானம்."

அவன் வேலியின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு தடவை சொன்னேன். ரெசியாடோ அப்பா, நம்ம வேலியைப் பாருங்கன்னு. நீங்க ஊருக்கெல்லாம் வேலி கட்டினீங்க. முந்தாநேத்து ராத்திரி சிங்க வாடைக்கு மிரண்டு போய் இந்த ஓட்டை வழியாத்தான் ஓடினா என் பசு. நேத்து காலையில நான் தேடிப் போறப்போ வயித்துக் கன்னு வெளியில கெடந்துச்சு. நீ பார்த்தியா அதை? நீ பார்க்கல."

அவளை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் மடியில் தலையை வைத்து அழ வேண்டும் என்றும் தோன்றியது. "விறகு வேணும். வேற எதுவும் வந்து வாய் வைக்கிறதுக்குள்ள எரிக்கணும்," என்று மட்டும் சொன்னான்.

அவள் ஒரு கட்டு விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஆற்றில் இறங்கியவள், விறகைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பசுவை அவள் பார்க்கவில்லை. குனிந்து நன்யோக்கியின் வயிற்றைத் தொட்டாள்.

"பால் கட்டியிருக்கு," என்றாள். பிறகுதான் குட்டிகளைப் பார்த்தாள். "இதுங்க... ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"தெரியல. தெரியலயே," என்றாள்.

இருவரும் விறகை அடுக்கினார்கள். மூன்றாவது குட்டியின் கால்தடம் மேடேறி முட்புதருக்குள் போயிருந்தது. நான்கு மாதக் குட்டி தனியாக எத்தனை நாள் தாங்கும் என்று அவள் கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது வடக்கே புழுதி எழுந்தது. வனத்துறை வண்டி. யார் என்று அதிகாரி கேட்கப்போகிறார். சிரோங்கா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான்.

நம்பாசோ முதுகுத் துணியை அவிழ்த்துக் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "நீங்க எதுவும் சொல்ல வேணாம்," என்றாள். கழுத்து மணிகளைச் சரிசெய்துகொண்டு, வண்டி வரும் பக்கமாக மணலில் நடந்தாள்.

தூக்கம் கலைந்த ரெசியாடோ சிணுங்கினாள். அம்மாவைத் தேடவில்லை. அவன் மார்பில் முகத்தைப் புதைத்து, வாயைத் திறந்து, அங்கும் இங்கும் முட்டிப் பால் தேடினாள்.