இரண்டாவது கிழி

திராட்சரசம் ஊறும் பரணி ஜாடிக்குள் கையை விட்ட தேவகனிக்கு இரண்டு கிழிகள் அகப்பட்டன. கடுக்காயை நசுக்கித் துணியில் கட்டிய கிழி. ஒன்று அவள் போட்டது. மற்றதன் முடிச்சு மாட்டுக்கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. அப்படிக் கட்ட அவள் புருஷன் ஞானதாசனுக்குத்தான் வரும்.

சபைக்குத் திருவிருந்து ரசம் செய்வது அவர்கள் வீட்டுப் பொறுப்பு. கோட்டாற்றில் வாங்கும் உலர்ந்த திராட்சையில் துவர்ப்பு கிடையாது. கிழி ஊறாவிட்டால் ரசம் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். எப்போதும் அவர்தான் போடுவார். இந்தத் தடவை நெஞ்சுநோவில் படுத்துவிட்டதால் அவள் போட்டாள். மனுஷனுக்கு அவள்மேல் நம்பிக்கை இருந்தால்தானே. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து இன்னொன்றைப் போட்டிருக்கிறார்.

ஒரு சொட்டு நாக்கில் விட்டாள். துவர்ப்பில் வாயெல்லாம் கட்டிக்கொண்டது. வேறு ரசம் இல்லை. கடைசித் திருவிருந்து கொடுக்கப் போதகர் வில்வண்டியில் வந்து இறங்கியாயிற்று. சபை ரசத்தைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்று தெரிந்தா இந்த மனுஷன் போகவேண்டும்?

போதகர் ஜெபித்து, தானும் குடித்து, கிண்ணத்தை ஞானதாசன் வாயில் வைத்தார். அவர் மெல்ல விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தார்.

"ஏட்டி, நீ கிழி போட்டியா?"

"இல்ல. மறந்துட்டேன். நீங்க போட்டதுதான் கெடந்தது."

"துவர்ப்பு கொஞ்சம் கூடுதலோ?"

"நாக்கு வறண்டு கெடக்குல்லா, அதான் அப்பிடித் தோணுது. நீங்க போடலேன்னா சபைக்கு முன்ன நான் நாணங்கெட்டிருப்பேன்."

"எனக்குத் தெரியும்," என்றார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "நீ மறப்பேன்னு."

திருவிருந்துக் கிண்ணத்தின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் ஒரு பொய். வாய் கட்டிப்போயிருந்த போதகர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

மத்தியானத்துக்குள் ஞானதாசன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரசமே சபைக் கோவிலில் கைமாறிப் போயிற்று. குடித்த முகமெல்லாம் சுருங்கியது. தேவகனி ஒரு மடக்கு கூடுதலாகவே குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானதாசனின் தங்கை ஜெபகுமாரி ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள்.

"குடியுங்க மதினி. வாயில உள்ள துவர்ப்பு போயிரும்."

"வேண்டாம் மக்கா," என்றாள் தேவகனி. "அது வாயிலயே இருக்கட்டும்."