பாட்டில் கொண்டு வரவும்

1

இந்தக் கதை அச்சேறிய ஆறு மாதத்துக்குள் இந்திய தேசத்தின் சுகாதாரக் கொள்கை மாறிவிடும். இக்கதாசிரியன் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறான். பிறப்பிலிருந்து இறப்புவரை ஒவ்வொரு பிரஜைக்கும் முழுப் பாதுகாப்பு... [இந்த வாக்கியத்தைச் சர்க்கார் கமிட்டி ஒன்று ஏற்கெனவே எழுதிவிட்டது. வேறு பார்க்க வேண்டும்.]

கதாசிரியன் பெயர் நேமிராஜ். மதராஸில் பி.ஏ. இரண்டாம் வருஷம். 1964 கோடை லீவுக்குச் செஞ்சி வந்தவன், கல்லூரி மலருக்காக இதை எழுதுகிறான். கதை எங்கே கிடைத்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம்: சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில். [ஆஸ்பத்திரி கற்பனை. ஆகவே பெயர் வைக்கவில்லை.] அங்கே வைத்தியம் இலவசம், மிக்சர் என்கிற தண்ணீர் மருந்து இலவசம், திட்டு இலவசம். மிக்சரை ஊற்றிக்கொள்ளப் பாட்டில் மட்டும் நோயாளி கொண்டு வர வேண்டும். பலகையே மாட்டியிருக்கிறார்கள். அதனால் காலைக் கியூவில் நல்லெண்ணெய்ப் பாட்டில் நிற்கும், மண்ணெண்ணெய்ப் பாட்டில் நிற்கும், மதுவிலக்கு ராஜ்யத்துக்குள் எப்படி வந்தது என்று யாரும் கேட்காத பிராந்திப் பாட்டிலும் நிற்கும்.

2

சென்ற வருஷம் மதராஸிலிருந்து ஒரு கமிட்டி வந்தது. மூன்று நாள் தங்கி, கோட்டையின் மூன்று மலையும் ஏறி, மேல்மூச்சு வாங்கி இறங்கி, ‘இப்பகுதி மக்களின் நுரையீரல் திருப்திகரமாக உள்ளது’ என்று குறித்துக்கொண்டு போனது. அறிக்கை முந்நூறு பக்கம். அதில் பாட்டில் என்ற சொல்லே இல்லை.

தொழிலாளிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பாக்டரியில் இருபது பேராவது இருந்தால் சட்டம் எட்டிப் பார்க்குமாம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைக்கிற எங்கள் ஊர் மில்லில் பத்தொன்பது பேர். இருபதாவது ஆளை முதலாளி ‘விருந்தாளி’ என்பார். விருந்தாளி காலையிலிருந்து பொழுது சாயும்வரை மூட்டை தூக்குவார்.

அந்த விருந்தாளியின் பெயர் பொன்னுசாமி. நேமிராஜ் வீட்டுக்கு அடுத்த வீடு. ஐந்து நாளாக நெஞ்சில் சளி கட்டி, ஜுரத்தில் கிடக்கிறார்.

3

அவர் மனைவி செல்லம்மாள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற அழகைப் பார்க்க வேண்டும். காலிப் பாட்டிலைக் கழுவித் துடைத்து, நெஞ்சோடு அணைத்து, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போவாள். ‘வெறும் பாட்டிலைப் பச்சைக் குழந்தைபோல் ஏந்திப் போகும் ஜனங்கள் உள்ளவரை இந்நாட்டில் எந்தச் சீர்திருத்தமும்...’ என்று நேமிராஜ் எழுதினான். தான் அந்தக் கியூவில் ஒருநாளும் நிற்கப்போவதில்லை என்றும் எழுதினான். வர்ணனை போதவில்லை. பாட்டிலையே எதிரே வைத்துப் பார்த்து எழுதலாமென்று அவளிடம் போய்க் கேட்டான்.

“வெறும் பாட்டில்ல இன்னா பாக்கப் போற, தம்பி?”

“வர்ணிக்கணும்க்கா.”

“கழுத்துல ஒரு சில்லு பேந்திருக்குது, அதையும் வர்ணிச்சுக்கோ. காலைல எட்டு மணிக்கு வந்துடணும். அந்த மனுசனுக்கு மூச்சு இழுக்குது.”

மீதி மருந்தை டம்ளரில் ஊற்றிவைத்துவிட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் பாட்டிலை ஜன்னலில் நிறுத்தி, கதையின் முதல் வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்த்தான். ‘கொள்கை மாறிவிடும்’ என்ற இடத்தில் கை தானாக உயர்ந்தது.

பாட்டில் ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது.

4

இந்த இடத்தில் முடிவுகள் சில பரிசீலிக்கப்பட்டன.

(அ) மந்திரி வருகிறார். ஆளுக்கொரு பாட்டில் வழங்குகிறார். மூடி ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் என்கிறார்.

(ஆ) பாட்டில் உடையவில்லை. மண்ணில் விழுந்தது, மணல் மெத்தென்று... [விழுந்தது கருங்கல்லில். இது செஞ்சி.]

5

காலையில் செல்லம்மாள் வந்துவிட்டாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

“கதைல ஒடஞ்சிச்சா, நெசத்துல ஒடஞ்சிச்சா?”

“ரெண்டுலயும்க்கா.”

[இங்கே அவள் கண்ணீர் விட்டதாக முதலில் எழுதப்பட்டது. அவள் விடவில்லை.]

“அவர் எடத்துல நான்தான் மில்லுக்குப் போறேன். இன்னிக்கி லேட்டா போனா வேற ஆளப் போட்டுடுவாங்க. நீதான் ஒடச்ச, நீயே போயி வாங்கியா. ரெண்டு வேளை மருந்து தப்பினா தாங்க மாட்டாரு தம்பி.”

போய்விட்டாள்.

நேமிராஜ் வீட்டைக் குடைந்தான். ஜாடி இருந்தது, செம்பு இருந்தது. கம்பவுண்டர் இரண்டையும் ஏற்க மாட்டார். மண்ணெண்ணெய்ப் பாட்டில் எத்தனை கழுவினாலும் மண்ணெண்ணெய்ப் பாட்டில்தான். கடைசியில் மேஜையைப் பார்த்தான். ஒரு வருஷத்துக்குச் சீர்திருத்தம் எழுதப் போதுமான இங்கி, பெரிய பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது.

சாக்கடை கொஞ்ச நேரம் நீலமாக ஓடியது. [இனி வருவதெல்லாம் பென்சில்.]

6

ஏழு முறை கழுவியிருந்தான். ஆனாலும் கம்பவுண்டர் அரிகிருஷ்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாய்யா, மருந்து நீலமா எறங்குது?”

“கலர்தாங்க. கெடுதல் இல்ல.”

“படிச்சவன் சொல்ற, சரி. அளவுச் சீட்டு ஒட்டணும், காயிதம் வச்சிருக்கியா? இங்க தீந்து ஒரு மாசமாச்சு.”

கியூவில் யாருக்காவது படித்துக் காட்டலாமென்று கதையின் முதல் பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். கம்பவுண்டர் அதை நீளவாக்கில் மடித்து, கத்தரிக்கோலால் வேளைக்கொரு வெட்டாக மூன்று வெட்டு வெட்டி, பசை தடவிப் பாட்டிலில் ஒட்டினார். ‘இந்திய தேசத்தின்’ காலை வேளை, ‘சுகாதாரக் கொள்கை’ மத்தியானம், ‘அடக்கத்தோடு’ ராத்திரி. ஆகவே நீங்கள் மேலே படித்தது நினைவிலிருந்து திரும்ப எழுதியது. அசல் இன்னும் கம்பீரமாக இருந்தது.

7

பொன்னுசாமி எழுந்து உட்கார்ந்தாரா? மருந்து குடித்தார், நாக்கு நீலமாயிற்று. ராத்திரி செல்லம்மாள் வந்து, “ஜுரம் வுடல. நாளைக்கும் நீயே வாங்கியாந்துடு தம்பி” என்றாள். இக்கதாசிரியனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை வாசகர் எழுதிக்கொள்ளலாம். ஆள் போனால்தான் இலக்கியம் என்று நினைக்கிற வாசகர்கள் மட்டும், இந்த ஒருமுறை, தயவுசெய்து...

மறுநாள் காலை மணி ஏழரை. கியூவில் முன்னால் பதினோரு பேர். இதற்குமேல் எழுதக் கை ஒழியவில்லை: ஒன்று பாட்டிலை நெஞ்சோடு அணைத்திருக்கிறது, மற்றது அதன் வாயைப் பொத்தியிருக்கிறது.