மூன்றங்குல வெள்ளை

அவளுடைய அண்ணன் அவள் புருஷனுக்குத் தரவேண்டிய பாக்கி சரியாக இருபத்துமூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அண்ணன் டயர்க்கடை வைத்திருக்கிறார். கடைச் சுவர் முழுக்க டயர் அடுக்க இரும்பு ரேக் செய்து கொடுத்தவன் அவள் புருஷன். வேலை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. கேட்டால், "நான் என்ன ஓடியா போகப் போறேன் மாப்ளே?" என்பார். ஓடினால் துரத்திப் பிடிக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற மனுஷனை என்ன செய்வது?

புருஷனை எல்லோரும் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தகரத்தைத் தட்டித் தட்டியே ஒரு காரைச் செய்துவிட்டான். ஓடாமல் கிடந்த ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேல், நீண்ட மூக்கும் உருண்டை விளக்கும் புடைத்த மட்கார்டுமாக, அந்தக் காலத்துப் பணக்காரர்கள் ஏறி இறங்கின மாதிரி ஒரு வண்டி. மூன்று வருஷ உழைப்பு. சீட்டு அவள் தைத்தது. வண்டிகளுக்கு சீட்டு தைப்பதுதான் அவள் தொழில்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு போட்டோ ஸ்டூடியோ அம்மா வண்டியைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் கல்யாணப் படங்களுக்கு வருஷம் முழுக்க வாடகை. பிடிக்காவிட்டால் வண்டியையே விற்றாக வேண்டும். வீட்டில் விற்க வேறொன்றும் மிச்சமில்லை. போனில் அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "டயர்ல வெள்ளைப் பட்டை இருக்குல்ல?"

இருக்கு என்று தகரம் சொல்லிவிட்டான். இல்லை.

காலையில் அவள் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துவந்து, முன் டயரில் ஓர் அங்குல அகலத்துக்கும் பின் டயரில் மூன்று அங்குல அகலத்துக்கும் வெள்ளை வட்டம் தீட்டினாள். இருவரும் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள்.

"முன்னாடி எப்படி இருக்கு?"

"பெரிய மனுஷன் சின்னப் பையன் செருப்பை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

"பின்னாடி?"

அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். அவளுக்கும் நிற்கிற வண்டி கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சாக்கட்டி வட்டம் கலையாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனார்கள்.

"வாங்க மாப்ளே. உள்ளேருந்து எந்த ராஜா இறங்கப் போறாரு?"

"மச்சான், வெள்ளைப் பட்டை டயர் நாலு வேணும். பட்டை மூணு அங்குலம். நம்ம பாக்கியில கழிச்சுக்குங்க."

பாக்கி என்றால் அண்ணனுக்குக் காது மந்தமாகிவிடும். "ஒரு அங்குலம்தான் இருக்கு. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

"எல்லாரு வண்டிக்கும் இந்த மூக்கு இல்லியே மச்சான்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் கடையின் பின்பக்கம் போனாள். மூலையில் நாலு டயர் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. சைஸ் அதேதான். பக்கவாட்டில் அகலமான பட்டை. ஆனால் நீலம்.

"அதைத் தொடாதே தங்கச்சி, வயிறு எரியுது" என்றார் அண்ணன். "போன வருஷம் ஒருத்தர் வெள்ளை கேட்டாரு. வந்தது இது. என் கார் என்ன பள்ளிக்கூடம் போகுதா, நீல யூனிஃபார்ம் மாட்டனு கத்திட்டுப் போயிட்டாரு. கூட ஒரு காகிதம் வந்துச்சு, அது எந்த பாஷைன்னுகூட தெரியலை."

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள். மூன்று அங்குலம். நூல் பிசகவில்லை.

அண்ணன் முகம் மலர்ந்தது. "மாப்ளே, நாலையும் தூக்கிட்டுப் போங்க. பாக்கி நேராயிடுச்சு."

"மேல வெள்ளை பெயின்ட் அடிச்சா ஒரே வாரத்துல வெடிச்சு உதிர்ந்திடும் மச்சான்" என்றான் தகரம். கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, இன்னிக்கு ஒரு நாள் நின்னா போதும்."

அண்ணன் கணக்கு நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். பதினான்கு மாதத்தில் அந்தப் பக்கத்துக்குப் பேனா போவது அதுதான் முதல் தடவை.

அவள் தன் கையைப் பார்த்தாள். வியர்த்த உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. விரல் பட்ட இடத்தில், டயரில், வெள்ளை எட்டிப் பார்த்தது. புதுப் போன்மேல் ஒட்டிவருகிற தாள் மாதிரி, வெள்ளை அழுக்காகாமல் இருக்கப் பூசி அனுப்பிய பூச்சு. தகரமும் பார்த்துவிட்டான். பேசாதே என்று அவள் காலை மிதித்தான்.

ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வீட்டில் போய்க் கழுவிக்கொள்ளலாம். ஆனால் இந்த வண்டி ஊரிலுள்ள எல்லாக் கல்யாணத்திலும் நிற்கும். அண்ணனும் அங்கே வருவார். தங்கச்சி செய்ததை நாலு சக்கரமும் சுற்றிச் சுற்றி அவரிடம் சொல்லும்.

"அண்ணே, கொஞ்சம் சோப்புத் தண்ணி கொடு" என்றாள்.

தகரம் கண்ணை மூடிக்கொண்டான்.

பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு. நீலம் நுரையோடு வழிந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளியே வந்தது. அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷமா இதும்மேல உக்காந்துதான் டீ குடிக்கிறேன்." அப்புறம் அவருக்குள் இருந்த வியாபாரி மெல்ல எழுந்தார். "ஒண்ணு ஒன்பதாயிரம். நாலு முப்பத்தாறு. உங்க பாக்கி போக, நீங்கதான் எனக்குப் பன்னண்டாயிரத்து முந்நூத்தறுபது தரணும்."

தகரம் பெண்டாட்டியைப் பார்த்தான். திருப்திதானா என்று கேட்கிற பார்வை.

"எழுதிக்க அண்ணே. முதல்ல டயரை மாட்டு" என்றாள். அவளுக்கு மணிதான் கவலை.

மூன்றே முக்காலுக்கு வண்டி வாசலில் நின்றது. கடைசிச் சக்கரத்தை அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டூடியோ அம்மா வந்தார். பின்னாலேயே, காற்று சரியாக இருக்கிறதா பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, அண்ணனும் வந்தார்.

அந்த அம்மா தெருவைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரோரம் நின்றார். திரும்பி வந்து மண்ணில் முட்டி போட்டுச் சக்கரத்தைப் படம் எடுத்தார். பிறகு கேட்டார்: "இந்த அகலம் யார் பார்த்து வச்சது?"

தகரம் பெண்டாட்டி பக்கம் தாடையைக் காட்டினான்.

"வர்ற மாசம் பதினோரு நாள் வேணும். அட்வான்ஸ் இப்பவே வாங்கிக்குங்க."

அவர் போனதும் தகரம் நோட்டுகளை எண்ணினான். அதில் டயர்க் கணக்குக்கானதைப் பிரித்து அண்ணனிடம் நீட்டினான். "இந்தாங்க மச்சான். பன்னண்டாயிரத்து முந்நூத்தறுபது."

அண்ணன் கையை நீட்டவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"உங்களைப் பதினாலு மாசம் அலைய விட்டவன் நான். நீங்க ஒரே நாள்ல கொடுத்தா, நான் மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கறது?"

"கணக்கு கணக்குதானே மச்சான்."

"உள்ள வைங்க மாப்ளே."

சட்டைக்குள்ளிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். மட்கார்டின்மேல் வைத்து, அவன் பெயரில் இருந்த தொகையையும் தன் பெயரில் இருந்த தொகையையும் ஒரே கோட்டால் அடித்தார்.