நாகுவின் பெருவிரல்

சூடான டாலரை எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து எடுத்தால் ஈரம் படியக் கூடாது. படிந்தது. சரோஜா நைட்டியின் ஓரத்தால் தட்டைத் துடைத்துவிட்டு, புளியங்கொட்டை அளவே இருந்த அந்த வெள்ளிக் களிமண் வில்லையைத் தோசைக்கல்லின் இளஞ்சூட்டில் மறுபடி வைத்தாள். வெள்ளித்தூளைக் குழைத்த களிமண், சுட்டால் அசல் வெள்ளியாகிவிடும்; ஆனால் ஈரத்தோடு நெருப்பில் போட்டால் அப்பளம் மாதிரி உப்பிக்கொள்ளும். காத்திருக்கவும் நேரமில்லை. மதியம் டாக்ஸி வந்துவிடும்.

போன் அடித்தது. கீழ்த்தள ஃபிளாட்டிலிருந்து கனகா.

"காய்ஞ்சிருச்சாக்கா?"

"நீ போய்ப் பெட்டியக் கட்டுடி. நான் பாத்துக்கறேன்."

"பெட்டியெல்லாம் கட்டியாச்சுக்கா. அதான் பயமா இருக்கு."

கனகா இங்கே குவைத்தில், ஃபர்வானியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்துவிட்டது. புருஷன் அருள்ராஜுக்குச் சவூதியில், யான்புவில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விசிட் விசாவில் வந்திருந்த கனகாவின் அக்கா உமாராணி, திரும்பும்போது குழந்தையையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போகிறாள். குலதெய்வத்தின் பெயர்தான் குழந்தைக்கும், நாகவள்ளி. எல்லோருக்கும் நாகு.

காலையில் நாகுவின் பெருவிரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, களிமண்ணில் பதித்தபோது கனகா சொன்னாள்: "அடுத்த லீவுக்கு நான் போறப்ப இந்த விரல் இருக்காதுக்கா. வேற விரலா வளந்திருக்கும்." சரோஜா இந்தக் களிமண்ணில் தோடும் மோதிரமும் எத்தனையோ செய்திருக்கிறாள். கோணலானால் பிசைந்து வேறு செய்துகொள்ளலாம். இதை அப்படிச் செய்ய முடியாது.

தட்டில் ஈரம் படியாத ஒரு நேரம் வந்தது. அடுப்பில் கம்பி வலையை வைத்து, வில்லையை அதன் நடுவில் வைத்தாள். புகைந்தது. ஒரு பொட்டுச் சுடர் எழுந்து அடங்கியது. பிறகு வில்லை செங்கனலாகச் சிவக்க, உப்புகிறதா உப்புகிறதா என்று பார்த்தே கண் எரிந்தது. உப்பவில்லை. ஆறியதும் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்திருந்தது. வெந்த வெள்ளி முதலில் அப்படித்தான் இருக்கும், பித்தளை பிரஷ்ஷால் மெல்ல நீவினால் பளபளப்பு வரும். அந்த வெளுப்புக்குள் நூல் நூலாக ரேகைகள் அத்தனையும் இருந்தன.

அதைச் சிங்க்கில் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டு, பிரஷ் எடுக்க உள்ளே போனவள் கனகாவுக்குப் போன் போட்டாள்.

"வந்திருச்சுடி! ரேகை அப்படியே இருக்கு."

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். அவளைத் தேற்றிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பியபோது அவள் புருஷன் விஜயபாஸ்கர் சிங்க் முன்னால் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை லீவு. பூஜைச் சாமான்களைத் தேய்க்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரோ, ஒரு டாலர் உப்பு பூத்துக் கெடந்துச்சு. இந்த ஊர்த் தண்ணிக்கு வேற என்ன ஆகும்? விபூதி போட்டுக் கம்பி நார்ல அழுத்தி நாலு இழு இழுத்தேன். இப்பப் பாரு, சாமி வெளக்கு மாதிரி மின்னுது!"

மின்னியது. வழவழவென்று இருந்தது. குனிந்து பார்த்தபோது அதில் அவள் கண்தான் தெரிந்தது.

"என்ன, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஈரப்பஞ்சு வைத்த டப்பாவில் மிச்சக் களிமண் ஒரு சுண்டைக்காய் அளவு இருந்தது. அதை எடுத்துத் தட்டினாள். தன் சுண்டுவிரல் நுனியை அதற்கு மேலே கொண்டுபோனாள். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கனகா கழுத்தில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போவாள். பிள்ளை ஞாபகம் வரும்போதெல்லாம் எடுத்து முத்தம் கொடுப்பாள்.

என் விரலுக்கு.

சரோஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். களிமண்ணை ஈரத்துணியில் சுருட்டி எடுத்து, துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

டாக்ஸியின் டிக்கியில் பெட்டிகள் ஏறிவிட்டன. பின்சீட்டில் உமாராணி, அவள் தோளில் தூங்கும் நாகு. கனகா திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கொண்டாந்துட்டீங்களாக்கா?"

"அது போச்சுடி. தேய்ச்சு அழிச்சுட்டோம். கேக்காத, அப்புறம் சொல்றேன். பிள்ள கையக் காட்டு."

கனகாவின் முகத்தைப் பார்க்காமலேயே துணியைப் பிரித்தாள்.

"தூங்குற புள்ளய எழுப்பாதீங்கக்கா. எழுப்பிவிட்டா ஃபிளைட்டு பூரா என் உசுர வாங்கும்" என்றாள் உமாராணி.

"யல்லா, சிஸ்டர், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் டிரைவர்.

நாகு முட்டியை இறுக்கி மூடியிருந்தாள். கனகா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க, சரோஜா களிமண்ணைப் பெருவிரலுக்குக் கீழே நீட்டினாள். பட்டதும் குழந்தை கண்ணைத் திறக்காமலே அதைக் கையோடு பிடுங்கிக்கொண்டது. முட்டி நேரே வாய்க்குப் போயிற்று.

"ஐயோ, முழுங்கிரும்!"

கனகா மணிக்கட்டைப் பிடித்தாள். உமாராணி அதட்டினாள். நாகு வீறிட்டாள். அழுகையில் விரல்கள் விரிந்தபோது களிமண் சரோஜாவின் உள்ளங்கையில் விழுந்தது. கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதுகொண்டு போனது குழந்தை.

டாக்ஸி பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது.

"வெரல் விழுந்திருக்காக்கா?"

சரோஜா கையை விரித்தாள். வில்லையாக இல்லை. கசங்கிய சின்ன உருண்டை. நான்கு குழிகள், ஓரத்தில் பிறை போல ஒரு நகக்கீறல். பெருவிரல் எது என்று தெரியவில்லை. உருண்டை தடிமனாக இருந்தது. உள்ளே காய நாளாகும், அதற்குள் வெளியே வெடிக்கலாம். வெயிலில் இப்போதே விளிம்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

கனகா தன் கையைக் குவித்து அதன் மேல் கவிழ்த்தாள், தொடாமல். விரலிடுக்கில் வெயில் இறங்கி உருண்டை மேல் விழுந்தது. சரோஜா மறு கையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.