செலினா கேட்ட ஓட்டு

ஈரத் துணியைச் செலினாவின் உதட்டில் வைத்து மார்த்தா சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டிருந்தபோது கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டு ஹெஸ்தர் மாடியேறி வந்தாள். கோட்டில் தொழிலாளர் கட்சி ரிப்பன், வாயில் பொத்திய கைக்குட்டை.

"எப்படி இருக்கா?"

மார்த்தா நகர்ந்து இடம் விட்டாள். செலினா அவள் கணவனின் அக்கா. நான்கு நாளைக்கு முன்னால் நெசவாலையிலிருந்து நடந்தே வீடு வந்தவள். இப்போது முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. போர் முடிந்த அந்த டிசம்பரில், அந்த நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று லங்காஷயரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். விஷக்காய்ச்சல் அவள் குரலை முந்தின நாளே கொண்டுபோயிருந்தது.

"மணி மூணாகுது, மார்த்தா. நம்ம தெருவுல நீ ஒருத்திதான் இன்னும் ஓட்டுப் போடல."

"இவள இப்படி விட்டுட்டா? போடி, பேசாம."

செலினாவின் உதடு அசைந்தது. தறிகளின் இரைச்சலில் காது எதற்கும் உதவாது; ஆலைப் பெண்கள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை அத்தனையும் பேசி முடிப்பார்கள். மார்த்தாவும் செலினாவும் இருபது வருடம் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். மார்த்தா குனிந்து படித்தாள்.

போ.

"நீ எந்திரிச்சு உக்காரு. அப்புறம் போறேன்."

போ, மார்த்தா. யாருக்குன்னு தெரியுமில்ல?

"தெரியும்."

அந்த ஓட்டுக்காகப் பதினேழு வருடம் முன்பே ஆலை வாசல்களில் மைக்கூட்டோடு நின்றவள் செலினா. மழையென்றும் பனியென்றும் பாராமல், சாப்பாட்டு மணி அடித்ததும் கையெழுத்துத் தாளை நீட்டுவாள். 'மொதல்ல ஒரு புருஷனப் புடி, அப்புறம் ஓட்டு கேளு' என்று கத்திய ஆண்களிடம், 'உங்களப் பாத்த பிறகுமா?' என்று திருப்பிக் கொடுப்பாள். மேலாளர் இரண்டு முறை அவள் வேலையைப் பறித்தார். கடைசியில் சட்டம் வந்தது. முப்பது வயதான பெண்ணுக்கு ஓட்டு உண்டு. ஆனால் தன் பேரில் வீடு இருக்க வேண்டும், அல்லது வீடுள்ளவனின் மனைவியாக இருக்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் செலினா தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தாள்.

வாக்காளர் பட்டியலை ஒட்டிய அன்று விரலை வைத்து இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள். பாதிச் சட்டி நிறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உன் பேர சரியாத்தான் எழுதியிருக்காங்க, மார்த்தா."

மார்த்தாவின் கணவன் வால்டர் மாடியேறி வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்," என்றான். மார்த்தா சால்வையை எடுத்துக்கொண்டாள்.

வாக்குச்சாவடி தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில். வரிசையில் நின்ற பெண்கள் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர்கள் போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மார்த்தாவுக்கு நவம்பர் கடைசியில் நடந்த தேர்தல் கூட்டம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. செலினாதான் இழுத்துப் போயிருந்தாள். தொழிலாளர் கட்சி வேட்பாளர் மேடையில் நின்று, "உங்க பிள்ளைங்க ஒண்ணுமில்லாததுக்காகச் செத்தாங்க. வீணா செத்தாங்க!" என்று முழங்கினார். மண்டபமே அதிர்ந்தது. மார்த்தா திரும்பிப் பார்த்தாள். செலினாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மார்த்தாவின் ஒரே மகன் பெர்சி பெல்ஜியத்துச் சேற்றில் போனவன். அள்ளிப் புதைக்க எலும்புகூடக் கிடைக்கவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள் செலினா. தந்தி வந்த அன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டவளும் செலினாதான். அது மார்த்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கைதட்டல் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, செலினாவும் சொல்லவில்லை.

தடுப்புக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய பென்சில் தொங்கியது. சீட்டில் இரண்டு பெயர்கள். செலினா சொன்ன தொழிலாளர் கட்சிக்காரர் பெயர் மேலே இருந்தது. மார்த்தா அதன்மேல் பென்சிலைக் கொண்டுபோனாள். வீணா செத்தாங்க. பென்சில் இறங்கியது. ஜெர்மன்காரனைக் கசக்கிப் பிழிவோம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்த மற்றவனுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக அழுத்திக் கீறினாள். தாள் லேசாகக் கிழிந்தது.

வெளியே வந்ததும் நடை ஓட்டமானது. போட்டாச்சு என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் செலினா உதட்டைப் படிக்கிறவள், பொய்யென்றால் பிடித்துவிடுவாள். பிடித்தால் பிடிக்கட்டும். கைதட்டினாயே என்று கேட்டுவிட வேண்டும். அவளும் ஏதாவது பதில் சொல்லட்டும்.

வால்டர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு மறுபடியும் உட்கார்ந்தான்.

"கால் மணி நேரம் ஆச்சு," என்றான்.

மார்த்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா. ரொம்ப நேரம் உதட்ட அசைச்சா. என் கண்ணாடி கீழ இருந்துச்சு, மார்த்தா. எடுக்கப் போனா அதுக்குள்ள..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணும் புரியல. சரி, சரின்னு தலையாட்டிட்டே இருந்தேன்."

அவனை விலக்கிக்கொண்டு அவள் மேலே போனாள். செலினாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்த்தா முழங்காலிட்டு, முகத்தை ஒட்டி, வெகுநேரம் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்குள் ஹெஸ்தர் வெந்நீரோடு வந்தாள். இருவருமாகச் செலினாவைக் கழுவி, வெள்ளை அங்கியைப் போட்டார்கள். ஹெஸ்தர் அழுதுகொண்டே பேசினாள்.

"ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்தா. அவளுக்கு ஒரு தடவ... ஒரே ஒரு தடவ பென்சிலப் புடிக்கக் குடுத்து வைக்கல பாரு."

மார்த்தா அங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

"விடு, மார்த்தா. அவளோடத நீ போட்டுட்ட. அது போதும் அவளுக்கு. நேத்து எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? மார்த்தா கையும் என் கையும் ஒண்ணுதான்னா."

மார்த்தா நிமிரவில்லை.

"போட்டுட்டேல்ல?"

"போட்டுட்டேன்."

ஹெஸ்தர் அழுக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மார்த்தா சீப்பை எடுத்துச் செலினாவின் தலையை வாரத் தொடங்கினாள். நரைத்த முடியின் வேர்களில் ஆலைப் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சீப்புக்கு அது வரவில்லை. விளக்கைப் பக்கத்தில் நகர்த்திவைத்துவிட்டு, அவள் ஒவ்வொரு துணுக்காக நகத்தால் கிள்ளி எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.